"இது அதுல ஓடுமா, சித்தப்பா?"

கோடை லீவுக்கு வந்திருந்த அண்ணன் பையன் பரத், பரணில் ஏறி எதையோ குடைந்து, ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். தூசி தட்டித் திறந்தால் முப்பது நாற்பது டிஸ்க்குகள். வீடியோ கேம். ஒன்றின் உறை மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'கிரிக்கெட் - தொட்டால் கை இருக்காது' என்று எழுதியிருந்தது. அண்ணன் கையெழுத்து. அடியில், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசாக, கறுப்பாக ஒரு மெமரி கார்டு.

எதிரே, பதினெட்டு மாதத் தவணையில் போன மாதம் வாங்கிய புத்தம் புதுக் கேம் பெட்டி. (கம்பெனி பெயர் வேண்டாம். தவணை முடிகிற வரை அது என் பெட்டியே இல்லை, பாங்க்கின் பெட்டி.)

"ஓடாம என்னடா? இது அதைவிட நூறு மடங்கு பெரிய ஆளு" என்றேன்.

டிஸ்க்கைப் போட்டோம். 'விர்ர்' என்று இழுத்துக்கொண்டது. யோசித்தது. பிறகு, இந்த டிஸ்க்கை இதில் பயன்படுத்த முடியாது என்று மரியாதையாகச் சொல்லி வெளியே தள்ளியது. ஜெயித்த பிறகு முதல் தடவையாகத் தொகுதிக்கு வந்த எம்.எல்.ஏ.வை வாக்காளர் பார்ப்பது போல் பரத் என்னைப் பார்த்தான்.

"புதுசுன்னா பழசையும் செய்யணும்தானே? அப்பாவோட புது பைக் பழைய ரோட்லதானே ஓடுது?"

பன்னிரண்டு வயசுப் பையன் கேட்கிற கேள்வியா இது! பி.காம். படித்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. புரிந்தவரை சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு குடும்ப விஷயம். எனக்கும் அண்ணனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம், அப்பா கட்டின வீட்டின் மேல் மாடி. அந்தக் கதை இங்கே வேண்டாம், வக்கீலுக்கே அது போரடித்துவிட்டது. அம்மா என்னோடு இருப்பதால் பேரன் மட்டும் லீவுக்கு லீவு வருவான். அண்ணன் தெருமுனையில் இறக்கிவிட்டு, ஹாரன் கூட அடிக்காமல் போய்விடுவான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பழைய சினிமா டிஸ்க்கை எந்தக் கம்பெனி பிளேயரில் போட்டாலும் படம் தெரிகிறது. ஏனென்றால் அதில் இருப்பது படமும் சத்தமும். எப்படிப் பதிய வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசி ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கேம் அப்படியில்லை. அது ஒரு குறிப்பிட்ட சிப்புக்கு எழுதப்பட்ட உத்தரவுகளின் மூட்டை.

சமையல்காரருக்குக் குறிப்பு எழுதி வைக்கிறீர்கள். 'உப்பு ஒரு கரண்டி' என்று எழுதினால் எந்த வீட்டு அடுக்களையிலும் அவர் சமாளித்துவிடுவார். அந்தக் காலத்து கேம் எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. 'இடது பக்கத்திலிருந்து மூன்றாவது டப்பா, ஒரு கரண்டி' என்று எழுதினார்கள். அப்போதுதான் வேகம் கிடைக்கும். சாமான் குறைவு, மெமரி குறைவு, ஒவ்வொரு நொடியும் தங்கம். அந்த அடுக்களையில் சாம்பார் அமிர்தமாக இருக்கும். அஞ்சு வருஷம் கழித்துக் கம்பெனி புது அடுக்களை கட்டுகிறது. இரண்டு மடங்கு பெரிசு, கிரானைட் மேடை. ஆனால் மூன்றாவது டப்பாவில் இப்போது இருப்பது பெருங்காயம்!

இதற்கு என்ன வழி? கம்பெனிகள் கண்டுபிடித்த முதல் வழி, பழைய அடுக்களையையும் இடிக்காமல் புது வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது.

ஆரம்பத்தில் இந்தப் புத்தி யாருக்கும் வரவில்லை. அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 1977-ல் விட்ட 2600 என்ற பெட்டி வீட்டுக்கு வீடு இருந்தது. 1982-ல் 5200 என்று புதுசு விட்டார்கள். பழைய கேஸட் அதில் ஓடவில்லை. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். (நம் ஊரில் எல்லோரும் கேஸட் என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே சொல்கிறேன்.) 1986-ல் 7800 வந்தபோது பாடம் படித்து, பழைய 2600 கேஸட்டுகளும் ஓடுகிற மாதிரி செய்தார்கள். அதற்குள் ஜப்பான்காரர்கள் வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் சோனியின் பிளேஸ்டேஷன் 2. முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. 2000 மார்ச்சில் இரண்டாவது. அதற்குள்ளே முதல் பெட்டியின் மூளையான அதே சிப்பை வைத்தார்கள். சும்மா வைக்கவில்லை. புது கேம் ஓடும்போது, ஜாய்ஸ்டிக்கிலிருந்து என்ன வருகிறது, டிஸ்க்கிலிருந்து என்ன வருகிறது என்று பார்த்து மேலே அனுப்புகிற உத்தியோகத்தை அதற்குக் கொடுத்தார்கள். பழைய டிஸ்க்கைப் போட்டால், பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்து மானேஜராகிவிடும். ரிட்டயர் ஆகவேண்டிய மானேஜரைத் தபால் பிரிவில் உட்காரவைத்து, பழைய வாடிக்கையாளர் வந்தால் மட்டும் பழைய காபினைத் திறந்து விடுவது மாதிரி. ஆபீஸ் நடத்துகிற யாராவது யோசித்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பே சேகா கம்பெனியும் இந்த வித்தையைச் செய்திருக்கிறது. மாஸ்டர் சிஸ்டத்தின் மூளையான இஸட் 80 என்ற சிப், 1988-ல் வந்த மெகா டிரைவில் சத்தம் கவனிக்கிற குமாஸ்தாவாக வேலை பார்த்தது. ஒரு சின்ன அடாப்டர் வாங்கி மாட்டினால் பழைய கேஸட் ஓடும். நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டிகளிலும் இதே கதைதான். 2001-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸின் சிப், 2004-ல் வந்த டி.எஸ். பெட்டியில் இரண்டாவது மூளையாக இருந்தது. அதனால் அட்வான்ஸ் கேஸட்டுக்கென்றே கீழ்ப்பக்கம் ஒரு பொந்து.

இதில் கம்பெனிக்கு என்ன லாபம்? காமர்ஸ் படித்தவனாக இதில் எனக்குக் கொஞ்சம் சுவாரசியம் ஜாஸ்தி. கேம் பெட்டி வியாபாரத்தில் பெட்டியில் பெரிசாகக் காசில்லை. சில சமயம் கைநஷ்டம். காசு வருவது விற்கிற ஒவ்வொரு கேமிலும் கிடைக்கிற பங்கில். ஆனால் புதுப் பெட்டி வருகிற தினத்தில் அதற்கென்று எழுதப்பட்ட கேம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும். வெறும் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார முடியுமா? பழைய சரக்கு அலமாரியை நிரப்பும். பிளேஸ்டேஷன் 2 கடைசியில் 15 கோடிக்கு மேல் விற்று, உலகத்திலேயே அதிகம் விற்ற கேம் பெட்டி ஆனது. பழைய டிஸ்க்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வாசலில் கட்டின மாவிலை.

புதுப் பெட்டி நன்றாக ஓட ஆரம்பித்ததும் மாவிலை காய்ந்துவிடுகிறது. பழைய டிஸ்க்கில் விளையாடுகிறவன் புது டிஸ்க் வாங்குவதில்லையே!

பிளேஸ்டேஷன் 3 விஷயத்தில் நடந்தது இதுதான். 2006 நவம்பரில் வந்தபோது உள்ளே பிளேஸ்டேஷன் 2-ன் இரண்டு முக்கிய சிப்புகளும் இருந்தன. 60 ஜி.பி. பெட்டி அமெரிக்காவில் 599 டாலர். அந்த விலைக்கும் சோனிக்கு நஷ்டம். நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனி முதலில் எதில் கை வைக்கும்? 'பழைய ஆட்கள்' மேல்தான். 2007 மார்ச்சில் ஐரோப்பாவில் விற்றபோது இரண்டில் ஒரு சிப்பை எடுத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த 40 ஜி.பி. மாடலில் இரண்டும் இல்லை. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஓடாது, அவ்வளவுதான். பழைய 60 ஜி.பி. பெட்டி வைத்திருந்தவர்கள் திடீரென்று ஜமீன்தார் ஆனார்கள்.

2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ல் அதற்கு முந்தைய எந்த டிஸ்க்கும் ஓடவில்லை. பழசை ஓட்டும் வசதியை நிறையப் பேர் கேட்கிறார்கள், ஆனால் கிடைத்தால் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று சோனியின் அப்போதைய விற்பனைத் தலைவர் ஜிம் ரயன் 2017-ல் டைம் பத்திரிகையிடம் சொன்னார். பழைய கார் பந்தய கேம்களைப் பார்த்தால் அரதப் பழசாக இருக்கிறது, இதையெல்லாம் யார் விளையாடுவார்கள் என்றும் கேட்டார். அவர் எங்கள் வீட்டுப் பரணைப் பார்த்ததில்லை. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் 4-ன் கேம்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஓடுகின்றன. 1, 2, 3 டிஸ்க் போட்டால் வெளியே!

*

இரண்டாவது வழி, துபாஷி.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்கும் நம் வியாபாரிக்கும் நடுவில் ஒருவர் நின்று இரண்டு பாஷையும் பேசுவாரே, அது போல ஒரு புரோகிராம். பழைய கேம் 'மூன்றாவது டப்பா' என்கும். துபாஷி 'உப்பு கேட்கிறார்' என்று புதுச் சிப்பிடம் சொல்லும். எமுலேட்டர் என்று பெயர்.

கேட்க எளிது. ஆனால் துபாஷிக்கு மூச்சு வாங்கும். நொடிக்குக் கோடிக்கணக்கான வாக்கியங்கள். அதுவும் பிளேஸ்டேஷன் 2 மாதிரி விசித்திரப் பிறவிகளில்! அதன் சித்திரச் சிப்புக்குள்ளேயே 4 எம்.பி. மெமரி இருந்தது. வெறும் நாலு. ஆனால் நொடிக்கு 48 ஜி.பி. வேகத்தில் அள்ளிப் போடும். அடுத்த தலைமுறைப் பெட்டியில் சித்திரச் சிப்புக்கும் அதன் மெமரிக்கும் நடுவே அதில் பாதி வேகம் கூட இல்லை. கிரானைட் மேடை வந்துவிட்டது, ஆனால் அந்தக் குட்டி அம்மிக்கல் மாதிரி அரைக்க முடியவில்லை.

வேகம் கம்மியாக இருந்தால்தான் கஷ்டம் என்றில்லை, ஜாஸ்தியானாலும் கஷ்டம். 1978-ல் ஜப்பானில் நிஷிகாடோ என்பவர் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில், மேலேயிருந்து வருகிற பூச்சிகளைச் சுடச் சுட, மிச்சமிருப்பவை வேக வேகமாக வரும். நெஞ்சு படபடக்கும். பெரிய மூளை போட்டு யோசித்தது என்று நினைப்போம். உண்மையில், பூச்சிகள் குறையக் குறைய வரைகிற வேலை குறைந்து, சிப் தானாக வேகம் எடுத்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். இந்த மாதிரி ஆட்டத்தை இன்றைய சிப்பில் ஓட்டும்போது துபாஷி பழைய சோம்பேறித்தனத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும். இல்லையென்றால் முதல் பூச்சியே மின்னல் வேகத்தில் வந்து நம்மை முடித்துவிடும்.

இதில் மைக்ரோசாஃப்டைப் பாராட்ட வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360-ன் மூளை ஐ.பி.எம். ஜாதி. 2013-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் மூளை ஏ.எம்.டி. ஜாதி. இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. முடியாது என்று எல்லோரும் எழுதிவைத்த பிறகு, 2015 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் மேடையேறி, 360-ன் டிஸ்க் இனி ஓடும் என்று அறிவித்தார்கள். கூட்டம் கத்தின கத்தலைப் பார்க்க வேண்டும். அந்த நவம்பரில் 104 கேம்களோடு ஆரம்பித்து, 360-ல் மட்டும் 600-க்கு மேல் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய டிஸ்க்கைப் போட்டால் அது வெறும் சாவி. 'சரி, உன்னிடம் இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டு, புதிதாகக் கட்டின பொட்டலத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும்.

அதுவும் 2021 நவம்பரில் நின்றது. எழுபத்துச் சொச்சம் கேம் சேர்த்து, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். துபாஷி களைத்ததோடு, வக்கீல்களும் கை விரித்துவிட்டார்கள். ஒரு கேமில் பாட்டு இருக்கும், கார் இருக்கும், நிஜ விளையாட்டு வீரர் முகம் இருக்கும். எல்லாவற்றுக்கும் வருஷக் கணக்கில் குத்தகை. கார் ஓட்டிக்கொண்டு ரேடியோ கேட்கிற ஜி.டி.ஏ. வரிசையில் நாலாவது ஆட்டத்துக்கு, பத்து வருஷக் குத்தகை முடிந்தது என்று 2018-ல் பல பாட்டுகளை எடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்தவர்களின் கம்ப்யூட்டரிலும், அடுத்த அப்டேட்டில் ரேடியோ கட்சி மாறிவிட்டது.

துபாஷிகள் மேல் கம்பெனிகளுக்கு இருக்கிற அன்பையும் சொல்ல வேண்டும். 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி, பிளேஸ்டேஷன் டிஸ்க்கை ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற எமுலேட்டர் விற்றது. ஸ்டீவ் ஜாப்ஸே அதை மேடையில் காட்டினார். சோனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2000-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட், கனெக்டிக்ஸ் செய்ததில் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. சோனி என்ன செய்தது? அடுத்த வருஷம் அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி மூட்டை கட்டி வைத்துவிட்டது! பிளீம் என்று இன்னொரு கம்பெனி. அதுவும் கோர்ட்டில் சளைக்கவில்லை. ஆனால் வக்கீல் பீஸ் கொடுத்தே 2001-ல் கடையை மூடியது. (எனக்கு இந்த வலி நன்றாகப் புரிகிறது.)

இதற்கு க்ளைமாக்ஸ் 2018-ல். சோனி தன் பழைய பெட்டியைக் குட்டியாக்கி, 20 கேம் உள்ளே வைத்து, பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று விற்றது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த துபாஷி யார் தெரியுமா? வெளியாட்கள் பொழுதுபோக்காக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த இலவச எமுலேட்டர்.

*

பரத்துக்கு இதையெல்லாம் சொன்னேன். "சரி, இப்ப அந்த கிரிக்கெட் எங்க வாங்கலாம்?" என்றான்.

எங்கேயும் வாங்க முடியாது. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்று ஒரு அமைப்பு 2023-ல் கணக்கெடுத்தது. 2010-க்கு முன்னால் அந்த நாட்டில் வந்த கேம்களில் 87 சதவிகிதம் இப்போது எந்தக் கடையிலும் நேர் வழியில் கிடைக்காது. ஒன்று பழைய பெட்டியைத் தேட வேண்டும், அல்லது திருட்டு வழி. நம் ஊருக்கு நெருக்கமான உதாரணம் கிரிக்கெட் 07. ஈ.ஏ. கம்பெனி 2006 கடைசியில் விட்டது, அதோடு அந்த வரிசையே நின்றது. நம் பையன்கள் இன்னமும் அந்தப் பழைய ஆட்டத்துக்குப் புது வீரர் பெயரும் புதுச் சட்டையும் தைத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் இருந்தால் வாங்கமாட்டார்களா?

டிஸ்க் இருக்கிறவனாவது பரணில் தேடலாம். கடையே ஆகாயத்தில் இருந்தால்? நின்டெண்டோ 2023 மார்ச்சில் இரண்டு பழைய பெட்டிகளின் இணையக் கடைகளை மூடியது. 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 கடையும் மூடியது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ல் பழைய ஸ்விட்ச் கேம்கள் பெரும்பாலும் ஓடுகின்றன, நல்லது. ஆனால் அதற்கு வருகிற சில புதுக் கேஸட்டுகளுக்குள் கேமே இல்லை. இறக்கிக்கொள்ள அனுமதி தரும் சாவி மட்டும்தான். தேங்காய் மூடிக்குள் 'தேங்காய் வாங்கிக்கொள்ளவும்' என்று சீட்டு. கலிஃபோர்னியாவில் 2024-ல் ஒரு சட்டமே போட்டார்கள்: இணையத்தில் 'வாங்குங்கள்' என்று பட்டன் வைத்தால், நீங்கள் வாங்குவது பொருள் அல்ல, வெறும் லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் கேட்டிருந்தால், 'அப்ப அது அஸெட் இல்லடா, வாடகை' என்றிருப்பார்.

"பழைய பெட்டியே இருக்கு" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து. "கட்டிலுக்கு அடியில. உங்கண்ணன் முதல் சம்பளத்துல வாங்கினது. போடறதுக்கு மனசு வரலை."

எடுத்தோம். பழைய போர்வையில் சுற்றி, நடுவில் ரசகற்பூரம் எல்லாம் போட்டு வைத்திருந்தாள். ரிச்சி தெருவில் ஒரு வயசான மெக்கானிக் லென்ஸைத் துடைத்து, ரப்பர் பெல்ட் மாற்றி, முக்கால் மணி நேரத்தில் ஓட வைத்துவிட்டார். 'இதெல்லாம் இப்ப யார் சார் கொண்டு வராங்க' என்று காசு கூடக் கம்மியாக வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த தலைவலி. புது டி.வி.யில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டை கிடையாது. ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். படம் வந்தது. பௌலர் ஓடி வருகிறார். பரத் பட்டனை அழுத்துகிறான். ஸ்டம்ப் பறக்கிறது. பிறகு மட்டை சுழல்கிறது! பத்துப் பந்தில் பத்து விக்கெட்.

பழைய குழாய் டி.வி. வருகிற சமிக்ஞையை வந்த கணமே திரையில் வரைந்துவிடும். புது டி.வி. வாங்கி, யோசித்து, மெருகேற்றிக் காட்டும். நடுவில் கன்வெர்ட்டரும் கொஞ்சம் யோசிக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும், கிரிக்கெட்டில் க்ளீன் போல்டு ஆக.

நின்டெண்டோவின் வாத்துச் சுடும் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? டக் ஹன்ட். நம் ஊரில் விற்ற டி.வி. கேம் பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோவின் நகல்கள்தான், பலவற்றோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்தது. கேஸட் வேலை செய்யவில்லை என்றால் ஊது ஊது என்று ஊதுவோமே, அதே பெட்டி. (ஊதினதால் ஒன்றும் ஆகவில்லையாம். எடுத்துத் திரும்பப் போட்டதில்தான் காண்டாக்ட் ஆகியிருக்கிறது. நம் எச்சில் ஈரம் அதைத் துருப்பிடிக்க வைத்ததுதான் மிச்சம்.) அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போகாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி முனையில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால், வாத்து காலி. புது டி.வி.யில் வெள்ளைக் கட்டம் தாமதமாக வரும். துப்பாக்கி பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்று கண்ணை மூடிக்கொண்ட பிறகு வரும். ஆகவே இந்தக் காலத்து டி.வி.யில் வாத்துகள் எல்லாம் சிரஞ்சீவி. நாய் மட்டும் எழுந்து நின்று சிரிக்கும்.

ஆக, எனக்கு இப்போது தேவை ஒரு குழாய் டி.வி.

"எங்க வீட்ல இருக்கே! தாத்தா டி.வி." என்றான் பரத்.

இருக்கிறது. எனக்கும் தெரியும். பாகப்பிரிவினையில் பெட்டி எனக்கு, டி.வி. அவனுக்கு. வக்கீல் எழுதின பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரி.

மெமரி கார்டைச் செருகிப் பார்த்தேன். பழைய கேஸட்டுகளில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க உள்ளே ஒரு பட்டன் பாட்டரி இருக்கும், அது செத்தால் சேமித்ததும் போகும். மெமரி கார்டில் அந்தத் தொல்லை இல்லை. திரையில் ஒரு டோர்னமெண்ட் வந்தது. லீக் ஆட்டங்கள் முடிந்து, செமி ஃபைனல் முடிந்து, ஃபைனல் பாக்கி. ஒரு பக்கம் என் டீம். இன்னொரு பக்கம் அவன் டீம். அந்த வாரம்தான் அவனுக்குப் பெங்களூருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. வந்து ஆடலாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். அப்புறம் கல்யாணம், அப்புறம் நான், அப்புறம் மேல் மாடி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பரத்தான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. 'ஃபைனல்' என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு குட்டி யானை வண்டி நின்றது. பின்னால், கம்பளி சுற்றி, 29 அங்குல டி.வி. அண்ணன் முன்சீட்டிலிருந்து இறங்கிக் கயிற்றை அவிழ்த்தான். என்னைப் பார்க்கவில்லை. டிரைவர் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்து, 'என்னால ஆகாது சார், எனக்கு முதுகு' என்று ஒதுங்கிக்கொண்டார். அந்தக் காலத்து டி.வி. சும்மாவா, கண்ணாடிப் பாறை!

கீழே ஹாலில் பிளக் பாயிண்ட் எல்லாம் அம்மாவின் கிரைண்டரும் ஃப்ரிட்ஜும். இடம் இருப்பது மேல் மாடியில்தான்.

நான் ஒரு முனையைப் பிடித்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் மூச்சு வாங்கிற்று. அண்ணன் கீழ்ப்படியில், முழு கனமும் அவன் தோளில்.

"டேய், பாத்து. மேல போட்டுத் தொலைக்காத" என்றான்.

மூன்று வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

டாஸ் அவன்தான் ஜெயித்தான். ஃபீல்டிங் எடுத்தான். முதல் ஓவரிலேயே என்னைப் போல்டாக்கிவிட்டு, "கன்வெர்ட்டர் மேல பழி போடாத" என்றான். அம்மா கீழேயிருந்து காபி எத்தனை டம்ளர் என்று கேட்டாள். பரத், "நாலு" என்று கத்தினான். பிறகு, "அடுத்த மாட்ச் எனக்கு!"